மாத்திரைக்கு முன் அரை டம்ளர்

22 பிப்ரவரி 1943, திங்கள்

லிங்கம்மா டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது வலி, வெளிக்குப் போனது என்ன நிறம், இவ்வளவும் தினம் வேண்டுமாம். அதை நோட்டின் முன்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இது பின்பக்கம். இது எனக்கு.

மருமகள் ஜூடித் நர்ஸ். அவளே எழுதுவாள், ஆனால் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. முழங்கால் இரண்டும் அப்படியே. காய்ச்சல் பதினேழு நாளாக விடவில்லை. டாக்டரம்மா மார்பில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். மூட்டில் இருக்கிற வாதக் காய்ச்சல் இருதயத்தில் ஏறப் பார்க்கிறதாம். வெள்ளை மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, நான்கு வேளை. நிறுத்தினால் ஆபத்து என்றார்.

நான் கன்னியாஸ்திரீகளிடம் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் டாக்டரம்மா பொறுத்துக்கொள்வார். ஜூடித் பொறுக்க மாட்டாள்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. 1941 ஜூலை 14, திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணியிலிருந்து. என் மகன் பெர்னார்ட் பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்ற நேரம் அது. அவள்தான் தூண்டிவிட்டாள். ஆறு மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு எவனாவது தானாகப் போவானா?

25 பிப்ரவரி, வியாழன்

வயிறு எரிகிறதாம். என்னிடம் சொல்லவில்லை. குழந்தை சகாயமேரியைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன புரியும்? எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அதன் தலைக்கு மேல்தான் நடக்கிறது.

"பாப்பா, உங்க அப்பாயிகிட்ட சொல்லு, ரசத்துல இத்தனை மிளகு அரைச்சுப் போட்டா சீக்காளி வயிறு என்னத்துக்கு ஆகும்னு."

நானும் பாப்பாவிடமே சொன்னேன். "பாப்பா, உங்கம்மா பெரிய நர்ஸம்மா. எந்திரிச்சு வந்து அவிங்களே ரசம் வைக்கட்டும், நாம கத்துக்கலாம்."

இருந்தாலும் மத்தியானம் மிளகு போடவில்லை. எரிச்சல் நிற்கவுமில்லை.

2 மார்ச், செவ்வாய்

கறுப்பு.

தார் மாதிரி, பிசுபிசுவென்று. நான்தான் சட்டியை எடுத்துப் போட்டேன், நான்தான் பார்த்தேன்.  இந்த நிறத்தை நான் அறிவேன்.

1919 செப்டம்பர். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. டிஸ்பென்சரியில் ஒரு புட்டி கொடுத்தார்கள். கம்பவுண்டர் சொன்ன பெயர் இன்னும் காதில் நிற்கிறது, சாலிசிலாஸ். குடிக்கக் குடிக்க முழங்கால் வலி குறைந்தது. எழுந்து நடந்தார், சிரித்தார். நாலாம் நாள் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். ஏழாம் நாள் இதே கறுப்பு. பதினோராம் நாள் காலையில் வாயால் ரத்தமாக எடுத்தார். ஒரு வெண்கலக் கும்பா நிறைய. பத்து மணிக்கு முடிந்துவிட்டது.

"கறுப்பாப் போனா இரும்புச் சத்தும்மா, பயப்படாதீங்க" என்ற அந்தக் கம்பவுண்டரின் முகத்தை இன்று கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

3 மார்ச், புதன்

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். சாலிசிலாஸ் என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த மாத்திரையும் அந்த வமிசம்தானாம். ஆஸ்பிரின் என்று பெயராம். சிலருக்கு இது வயிற்றின் உட்தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும், புண்ணிலிருந்து கசிகிற ரத்தம்தான் கறுப்பாக வருகிறது என்றார்.

"அப்ப நிறுத்திப் போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"நிறுத்தினா ஹார்ட் கெட்டுப்போகுதம்மா. கொடுத்தா ஹொட்டெ கெட்டுப்போகுது. நான் ஏன் மாடலி, நீங்களே சொல்லுங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். இருதயமா வயிறா, நான் என்ன செய்யட்டும் என்று ஒரு டாக்டர் என்னைக் கேட்கிறார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் முழுசாகப் பிடித்தது.

ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை, மூன்று வேளை என்று குறைத்திருக்கிறார். பாலும் கஞ்சியும் மட்டும். வெறும் வயிற்றில் மாத்திரை கூடவே கூடாது.

6 மார்ச், சனி

எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. எழுதப் பயமாகவும் இருக்கிறது.

மணத்தக்காளி. பிறந்த ஊர் மார்ட்டள்ளியில் என் அம்மா வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் அதைத்தான் கொடுப்பாள். இலையை இடித்து, தேங்காய்ப் பாலில் ஒரே கொதி, சீரகம், ஒரு சிட்டிகை அதிமதுரப் பொடி. என் வீட்டுக்காரருக்கு ஏன் கொடுக்கவில்லை? அவர் அக்காள் கொடுக்க விடவில்லை. காட்டு மருந்து என்றாள். இருபத்து நாலு வருடமாகிறது. அவள் சாவுக்கு நான் போகவில்லை.

ஆனால் மணத்தக்காளியில் பச்சைக் காய் ஒன்றுகூட விழக்கூடாது. பழுக்காத காய் விஷம். பக்கத்து வீட்டு மாதம்மாவின் பிள்ளை ஒரு கை தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாகச் செத்துப் பிழைத்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

நான் கொடுத்து ஜூடித்துக்கு ஒன்று ஆகிவிட்டால்?

யார் நம்புவார்கள்? 1941 மாதா மோட்ச திருநாள் அன்று கோயில் வாசலில் நின்று நான் சொன்னேனே. "இவ தலை சாஞ்சாத்தான் என்ற மவன் வீடு திரும்புவான்." இதே வார்த்தை. கேட்டவர்கள் பதினோரு பேர். ஒவ்வொருவராக யார் யாரென்று இப்போதும் சொல்வேன். அதில் ஒருவன் ஜூடித்தின் அண்ணன் ஏசுதாஸ்.

மாமியார்க்காரி பச்சிலை அரைத்துக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்பார்கள். பேசாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாத்திரைதான் கொன்றது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

பேசாமல் இருந்துவிடலாமா?

8 மார்ச், திங்கள்

இருக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். திருட்டுத்தனமாகக் கொடுக்க மாட்டேன், உங்களுக்குத் தெரிந்துதான் கொடுப்பேன் என்றேன்.

 கீரை சாப்பிடுகிற வஸ்துதான், தடுக்க மாட்டேன், ஆனால் குணமாகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், முதலில் சாறு, அரைமணி கழித்துக் கஞ்சி, அதற்கு மேல் மாத்திரை, காண்பதை மறைக்காமல் எழுதுங்கள் என்றார்.

மார்க்கெட்டில் கீரைக்காரி கெம்பம்மாவிடம் கணிகெ சொப்பு வேண்டும் என்றேன். கன்னடத்தில் அதுதான் பெயர். யாருக்கு என்றாள். மருமகளுக்கு என்றேன். "சொசெக்கா? நீ? மளெ பருத்தே இவத்து" என்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மழை வருமாம் இன்றைக்கு. அவள் கீரைக்கட்டைத் தூக்கி அவள் முகத்திலேயே எறிந்துவிட்டு வந்திருப்பேன். வேறு யாரிடமும் அந்தக் கீரை இல்லை.

9 மார்ச், செவ்வாய்

இலை இலையாகப் பார்த்தேன். பச்சைக் காய் இருபத்தாறு. எண்ணி அடுப்பில் போட்டேன்.

சாறு வடித்துக் கொண்டுபோனபோது ஏசுதாஸ் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார், தங்கைமேல் உயிர். டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

"முதல்ல நீங்க குடிங்கம்மா."

டம்ளரை என் பக்கமே திருப்பி நீட்டினான்.

"பாதி நீங்க குடிங்க. மீதி அவ குடிப்பா. தினமும் அப்படித்தான். கோயில் வாசல்ல நீங்க பேசினது எனக்கு மறக்கல."

அறுபத்து மூன்று வயதில் என் வீட்டில் என் அடுப்படிச் சாற்றை நானே குடித்துக் காட்ட வேண்டும். ஜூடித் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  பாதி குடித்தேன். குடித்துவிட்டு வாயைத் திறந்தும் காட்டினேன்.

1943 மார்ச் 9, செவ்வாய், காலை ஏழே முக்கால். எழுதி வைக்கிறேன்.

மீதியை அவள் குடித்தாள். "பாப்பா, கசப்பு" என்றாள்.

10 மார்ச், விபூதிப் புதன்

தபசுகாலம் தொடங்கிவிட்டது. நோயாளிகளுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் ஒருசந்தி கடன் இல்லை என்று பங்குச் சாமியார் சொன்னார். இந்த வீட்டில் பட்டினி கிடக்க ஆள் இல்லை. நல்லது. சாறு, கஞ்சி, மாத்திரை எல்லாம் நேரப்படி கொடுத்தேன்.

11 மார்ச், வியாழன்

வலி. சுருண்டு படுத்திருக்கிறாள். செவ்வாய் நன்றாக இருந்தாளே.

காய் விழுந்துவிட்டதா? இருபத்தாறு என்று எண்ணினேன், இருபத்தேழாவது ஒன்று இருந்ததா? ஆனால் நானும் அதையேதானே குடித்தேன். எனக்கு ஒன்றுமில்லை. கிழவி வயிறு தாங்கும், சீக்காளி வயிறு தாங்காது என்றால்?

13 மார்ச், சனி

மறுபடி வலி.

16 மார்ச், செவ்வாய்

மூன்று நாளாக எரிச்சல் இல்லை. நிறம் மஞ்சள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. தூணைப் பிடித்து எழுந்து நின்று குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிக்கிறதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவரும் இப்படித்தான் எழுந்து நடந்தார்.

18 மார்ச், வியாழன்

வலி.

20 மார்ச், சனி

வலி. சாற்றில் அதிமதுரம் கொஞ்சம் கூட்டினேன். கூட்டலாமா, தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. அம்மா செத்து நாற்பது வருடம்.

25 மார்ச், வியாழன்

கறுப்பு. திரும்பவும் கறுப்பு.

ஐயோ மாதாவே, நான் என்ன பண்ணிப்புட்டேன்.

ஏசுதாஸ் வந்து சட்டியைப் பார்த்தான். தெருவுக்கே கேட்கும்படி பேசினான். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து தங்கையை அழைத்துப் போகிறானாம். அவன் வீடு குண்டலுபேட்டை போகும் சாலையில் எட்டு மைல். அங்கே டாக்டர் இல்லை. ஜட்காவில் எட்டு மைல் குலுங்கினால் புண் என்னாகும்?  என்னத்தச் சொல்றது? நான் சொன்னா யாரு கேப்பா? அவ போற வழியில போயிட்டா நானும் அன்னிக்கே போயிரணும். பெர்னார்ட் வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவேன்? நவம்பருக்குப் பிறகு அவனிடமிருந்து கடுதாசியும் இல்லை.

26 மார்ச், வெள்ளி

விடிந்ததும் நோட்டை முன்பக்கம் திருப்பி முதலிலிருந்து படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வலி என்று எழுதிய நாளெல்லாம் விரலை வைத்துக்கொண்டு போனேன். விபூதிப் புதனுக்குப் பிறகு வலி வந்த நாள் வியாழன், சனி, வியாழன், சனி, வியாழன். வேறு கிழமையே இல்லை.

வியாழனுக்கு முந்தினது புதன். சனிக்கு முந்தினது வெள்ளி.

 புதனும் வெள்ளியும் நான் வேறென்ன செய்தேன்? அதே கீரை, அதே கஞ்சி, அதே மாத்திரை. இன்றும் வெள்ளி. வழக்கம்போல் பாதி குடித்துக் காட்டினேன், மீதியை வைத்தேன், கஞ்சியையும் வைத்தேன். கோயிலுக்குப் போகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் சுற்றி வந்து விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். கஞ்சியைக் கோழித் தட்டில் ஊற்றினாள். சாற்றையும் அதிலேயே ஊற்றினாள். கோழி ஓடிவந்து குடித்தது, அலகெல்லாம் பச்சை. பிறகு முந்தானையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர்.

வெறும் வயிற்றில்! நர்ஸ்! படித்தவள்!

"அடிப்பாவி" என்று கத்திவிட்டேன். குழந்தை பக்கத்தில் இல்லை. அவளுக்கே சொன்னேன், நேராக.

திடுக்கிட்டாள். பிறகு அவளும் நேராகவே பேசினாள். பெர்னார்ட் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாளாம். உயிர்த்த ஞாயிறு பாஸ்கா வரைக்கும் புதனும் வெள்ளியும் பொழுது சாயும்வரை எதுவும் உண்பதில்லை என்று.

"அப்ப மாத்திரை மட்டும் எதுக்குடி முழுங்கற?"

"மாத்திரை மருந்து அத்தை. மருந்தால ஒருசந்தி முறியாது. நீங்க தர்றது கீரையும் தேங்காப் பாலும். அது சாப்பாடுதான? அதைக் குடிச்சுட்டு ஒருசந்தி இருந்தேன்னு மாதாகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

 என் மகனுக்காகத்தான் வயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறாள். நீதானே அவனை அனுப்பினாய் என்று கேட்டேன். கேட்காமல் எப்படி?

"நானா அனுப்பினேன்? உங்க வாய்க்கும் என் வாய்க்கும் நடுவுல இருக்க முடியலன்னு சொல்லிட்டுப் போனாரு. அதை உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. இப்ப அதையும் மீறிட்டேன்."

கோழி தட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் விறகின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இதை நான் நம்பவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

27 மார்ச், சனி

வலி. எதிர்பார்த்ததுதான்.

நேர்த்தியை விட மாட்டேன் என்கிறாள். சாமியாரிடம் போய்க் கேட்டேன். நோயாளிக்கு நேர்த்தியிலிருந்து விடுதலை தருகிறேன் என்றார். வந்து சொன்னால், விட்டபிறகு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் சாமியாரா பதில் சொல்வார் என்கிறாள். அதுவும் சரிதான். எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது.

மறுபடி கோயிலுக்கு நடந்தேன். அவள் நேர்ந்ததை நான் சுமக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். என் வயதைக் கேட்டார், சொன்னேன். கஷ்டம் என்றார். என் மகன் என்றேன்.

ஜூடித்திடம் சொன்னேன். "புதனும் வெள்ளியும் நான் இருக்கேன். நீ கஞ்சி குடி, சாறு குடி. மாதாவுக்கு ஆளு யாருன்னா என்ன, பட்டினி ஒண்ணுதான."

தலையாட்டினாள். ஏசுதாஸுக்கும் அவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள், வண்டி வேண்டாம், தப்பு தன்மேல்தான் என்று.

31 மார்ச், புதன்

இரவாகிவிட்டது, இப்போதுதான் எழுத உட்காருகிறேன்.

சாறு வடித்துக் கொண்டுபோன பிறகுதான் உறைத்தது. இன்று நான் ஒருசந்தி. ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. குடித்துக் காட்டாத சாறு. திரும்ப அடுப்படிக்குப் போய்ச் சக்கையைக் கிளறிப் பார்த்தேன். வடிகட்டின துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். காய் இல்லை. இல்லை என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் பாதி என் வயிற்றுக்குப் போனது எவ்வளவு தைரியமாக இருந்தது என்று இன்றுதான் தெரிகிறது. அவன் எனக்குச் செய்தது அவமானம், அதை மறக்க மாட்டேன். ஆனாலும் ஏதாவது ஆனால் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஆகும் என்று இருந்தது.

"நான் குடிச்சுக் காட்ட முடியாது" என்றேன்.

டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் மனதிலும் கோயில் வாசல் வந்து போயிருக்கும். வராமல் இருக்குமா?

வாங்கிக் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை.

அரைமணி கழித்துக் கஞ்சி. பிறகு மாத்திரை. நான் பொழுது சாயும்வரை அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். "என்னத்த அப்படிப் பாக்கறீங்க" என்று இரண்டு முறை கேட்டாள். வாந்தி வருகிறதா என்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

1 ஏப்ரல், வியாழன்

வலி இல்லை.

3 ஏப்ரல், சனி

வலி இல்லை. நிறம் மஞ்சள்.

10 ஏப்ரல், சனி

டாக்டரம்மா முன்பக்கத்தை முழுதும் படித்தார். சாற்றாலா, கஞ்சியாலா, மாத்திரை குறைந்ததாலா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் எதையும் மாற்ற வேண்டாம் என்றார். கஞ்சியாலா என்று கேட்டாரே! முதல் தடவை கறுப்பாகப் போனபோது வேளை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தாள்? சொல்லவில்லை. நல்ல மனுஷி.

புதன், வெள்ளி மாலை எனக்குக் கண் இருட்டுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

23 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஏசுதாஸ் வந்திருந்தான். நான் டம்ளரை நீட்டியதும் அவன் என் முகத்தைப் பார்த்தான். "நீங்க குடிக்கலையாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜூடித் சொன்னாள். "அத்தை ஒருசந்திண்ணா. எனக்காக இருக்காங்க." சொல்லிக்கொண்டே வாங்கிக் குடித்துவிட்டாள்.

அவன் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மார்ச் ஒன்பதை நான் நோட்டிலிருந்து அடிக்கப் போவதில்லை.

26 ஏப்ரல், திங்கள்

பாஸ்கா நேற்றோடு ஆயிற்று. டாக்டரம்மா சனிக்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போனார். இருதயத்தின் இரைச்சல் குறைந்திருக்கிறது, அறவே போகவில்லை, ஜூன் முடியும்வரை மாத்திரை வேண்டும் என்றார். இன்னும் இரண்டு மாதம். இரண்டு மாதமும் நான் பச்சைக் காய் பொறுக்க வேண்டும். பெர்னார்டிடமிருந்து கடுதாசி வரவில்லை.

இனி ஒருசந்தி இல்லை என்பதால் காலையில் சாற்றைக் கொண்டுபோய் அவள் எதிரே நின்று முதல் வாய் குடிக்கத் தூக்கினேன். கட்டிலிலிருந்து எட்டி என் கையைப் பிடித்தாள்.

"பாதிய நீங்களே குடிச்சுட்டா எனக்கு எங்க பத்தும் அத்தை? இப்படிக் குடுங்க."

ஏழே முக்காலுக்குச் சாறு, முழு டம்ளர். எட்டேகாலுக்குக் கஞ்சி. மாத்திரை ஒன்று. வலி இல்லை.